அமுலு அக்கா உரிக்காத பெயர்

செய்தி காலை எட்டு மணிக்கே எங்கள் த்ரோபால் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. கம்பெனியின் உற்பத்தி லைனுக்குள் கைப்பேசி கூடாது. என்னுடையது லாக்கரில் கிடந்தது. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அமுலு அக்கா மாரடைப்பில் போய்விட்டார். அவர் வேலைக்கு வராததைப் பார்த்து, "அக்கா மட்டம் போட்டுட்டு வீட்ல தூங்குதாங்க" என்று அன்று முழுக்கக் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் பென்னலூரிலிருந்து வந்துபோன லைன் லீடர். எங்களுக்கு கேப்டன். கம்பெனி என்றோ கொடுத்த ஏழு ஜெர்சிகள்தான் எங்கள் அணியின் சொத்து. ஒப்பந்தம் முடிந்தோ கல்யாணம் முடிவாகியோ ஒருத்தி கிளம்பினால், அன்றைக்கே அக்கா அயர்ன்பாக்ஸோடு எங்கள் ஹாஸ்டலுக்கு வந்துவிடுவார். துணியை மேலே போட்டுத் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் ஜெர்சியின் முதுகில் ஒட்டியிருந்த பெயரை நகத்தால் உரிப்பார். புதிதாக வந்தவளின் பெயரை ஒட்டுவார்.

எனக்கு அது ஈவிரக்கமில்லாத வேலையாகத் தெரிந்தது. "அவ இன்னும் பஸ்கூட ஏறலயேக்கா" என்று ஒருநாள் சண்டைக்கே போனேன்.

"வர்றவ இன்னொருத்தி பேர முதுவுல சொமந்துகினு ஆடணுமா? மொத நாளே அவ பேர்ல ஆடட்டும்டி" என்றார்.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம் முடிவானது. ஜெர்சியைத் துவைத்து மடித்து அவரிடம் கொடுத்துவிட்டுக் கோவில்பட்டிக்குப் போனேன். இரண்டே மாதத்தில் கல்யாணம் நின்றுபோனது. காரணம் இங்கே வேண்டாம். ஊரில் தலைகாட்ட முடியாமல் திரும்பி வந்து, மைதானத்தின் ஓரமாக நின்றேன். எனக்குப் பதிலாக வந்த பெண் அக்காவின் ஜெர்சியில் தன் பெயரை ஒட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். அக்கா பழைய சுடிதார் டாப்பில் நின்றார். என்னைப் பார்த்ததும் பையிலிருந்து ஒன்றை எடுத்து வீசினார். என் ஜெர்சி. பெயர் அப்படியே இருந்தது.

"இன்னா பாக்குற? போட்டுகினு வா."

"என் பேர மட்டும் ஏன்க்கா உரிக்கல?"

"அயர்ன்பாக்ஸ் ரிப்பேரு."

பச்சைப் பொய். அந்தப் பெண்ணுக்கு மட்டும் எதை வைத்துத் தேய்த்தாராம்?

பென்னலூரில் அவரைக் கிடத்தியிருந்தபோது, ஜெர்சியைப் போர்த்தி அனுப்பலாம் என்றார்கள் தோழிகள். அவர் பெயர் போட்டது ஒன்றுகூட இல்லை. "உன்னோடதுல பேர மாத்திக் குடுடி" என்றார்கள். நியாயம்தான். ஹாஸ்டலுக்குப் போய் அயர்ன்பாக்ஸைச் சூடாக்கினேன். ஜெர்சியை விரித்தேன். அணைத்துவிட்டேன். வெறும் மாலையோடுதான் அக்கா போனார். என்மீது இன்னும் கோபமாக இருக்கும் தோழிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. நான் போனதையோ வந்ததையோ வேறு யாரும் கவனித்ததில்லை. நான் திரும்பி வருவேன் என்று அவர் ஒருவர்தான் இரண்டு மாதம் அந்தப் பெயரை வைத்திருந்தார். அதை உரிக்க என்னால் ஆகவில்லை, அக்கா. அது என்னிடமே இருக்கட்டும்.