நிமிஷம் மாறும்போது உடைந்த கோடு

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். அதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. பதினெட்டு வருஷம் மில்லில் நூல் சுற்றும் இடத்தில் வேலை பார்த்தவள் நான். நூறு இழை ஓடும்போது ஒன்று அறுந்தால் தேடவே வேண்டாம், கண் தானாக அங்கே போய் நிற்கும். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

மில் வேலை நின்றுபோன பிறகு லாஸ்பேட்டையில் ஒரு காலேஜ் ஆபீசில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து கருவடிக்குப்பம் வழியாக நடந்தே போய்விடுவேன். தினக்கூலிதான். "ஒழுங்கா இரும்மா, வர்ற பொங்கலுக்குள்ள பெர்மனென்ட் பண்ண எழுதி அனுப்புறேன்" என்று சூப்பிரண்டு ஐயா சொல்லியிருந்தார். அவர் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். டீ கொண்டுபோய் வைத்தால்கூட நன்றிக்கு "மெர்சி" என்பார். நல்ல மனுஷர், ஆனால் ஒரு பேச்சு காதில் விழுந்துவிட்டால் அதையே பிடித்துக்கொள்வார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் அந்த ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, ஒரு அறையே ஒதுக்கினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெரிய பெரிய அதிகாரிகள் ஷூவைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த சாக்ஸோடு நிற்பார்கள். எனக்கு அதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம்.

அதில் ஓடுகிற புரோகிராமை எழுத ஒரு அம்மாவை வைத்திருந்தார்கள். முப்பது வயசிருக்கும். எல்லாரும் மேடம் என்பார்கள். அந்த ஆபீசில் என்னை அக்கா என்று கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான். மற்றவர்களுக்கு நான் ஆயா. என்னைவிட நாலு வயசு மூத்த கிளார்க்குக்கும் நான் ஆயாதான்.

பரீட்சை எழுதும் பிள்ளைகளின் விண்ணப்பத்தை அந்த மெஷினில் ஏற்ற வேண்டும். கிளார்க் பெயரை அடிப்பார். பிறகு ஒரு பொத்தானைத் தட்டினால் திரையில் கட்டம் கட்டி ஒரு பட்டியல் இறங்கும். எல்லாம் பாடங்களின் பெயர்கள். வெளிச்சமாக ஒரு பட்டை அந்தப் பெயர்களின்மேல் ஒவ்வொரு வரியாக இறங்கும். எந்த வரியில் நிறுத்தித் தட்டுகிறோமோ அந்தப் பாடம் அந்தப் பிள்ளைக்கு. கூட்டும் சாக்கில் நின்று பார்த்துப் பார்த்து எனக்கு இது பழகிவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. டைப் மெஷின், பீரோ, சைக்கிள், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். கிளார்க் என்னைப் பார்த்து, "என்னா ஆயா, பெரிய சாமியை உட்டுட்டியே" என்று கம்ப்யூட்டரைக் காட்டினார். நான் கிண்ணத்தோடு போய், பெட்டியின் மேல்பக்கம் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். வைத்தது நான். வைக்கச் சொன்னது அவர்.

அடுத்த வாரம் மெஷின் படுத்த ஆரம்பித்தது. பட்டியல் இறங்கும்போது திடீரென்று கட்டத்தின் ஒரு பக்கக் கோடு உடைந்து நிற்கும். வெளிச்சப் பட்டை ஒரே நேரத்தில் இரண்டு வரியில் தெரியும். எது நிஜம் என்று தெரியாமல் கிளார்க் தட்டிவிடுவார். கெமிஸ்ட்ரி எழுத வேண்டிய பிள்ளைக்கு ஹிஸ்டரி விழுந்துவிடும். ஒரு நாள் மூன்று தடவை வரும், பிறகு இரண்டு நாள் வரவே வராது. மேடம் வந்து உட்கார்ந்தால் ஒழுங்காக இருக்கும். அவர் எழுந்து போனதும் ஆடும்.

"உங்களுக்குப் பயப்படுது மேடம், எனக்குப் பயப்பட மாட்டேங்குது" என்றார் கிளார்க். அதுவரை சிரிப்புதான்.

ஹால் டிக்கெட் அச்சடிக்கும் நாள் நெருங்கியதும் சிரிப்பு போய்விட்டது. சூப்பிரண்டு ஐயா எல்லாரையும் கூப்பிட்டு, "பூஜைக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு? நடுவுல என்னா ஆச்சு?" என்றார்.

கிளார்க் கொஞ்சம் இழுத்தார். "சந்தனம் வெச்சாங்க சார். ஈரம். மேல ஓட்டை ஓட்டையா இருக்குது பாருங்க, அதுல உள்ள எறங்கியிருக்கும்."

"யாரு வெச்சது?"

கிளார்க் என்னைப் பார்த்தார். வைக்கச் சொன்னது யார் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்தவனைக் காட்டிக்கொடுத்துத் தப்பிக்கிற பழக்கம் மில்லிலேயே எனக்குக் கிடையாது. "நான்தாங்கய்யா" என்றேன்.

ஐயா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஏம்மா, லட்ச ரூபா சாமானம்மா. சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். சரியாவலேன்னா மேல எழுதித்தான் ஆவணும். அப்புறம் உன் பேரை நான் எப்படி பெர்மனென்டுக்கு அனுப்புறது?" என்றார். அன்றிலிருந்து நான் அந்த அறைக்குள் போகக்கூடாது என்று ஆனது.

மேடம் மட்டும் வெளியே வந்து, "சந்தனத்துனால திரையில கோடு உடையாதுக்கா. எனக்குத் தெரியும். ஆனா எதுனாலன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்லையே" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எழுதியதையெல்லாம் கட்டுக்கட்டாக அச்செடுத்து, வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்குச் சந்தனம் தண்ணியாகத்தான் இருந்தது. அவசரத்தில் தண்ணீர் கூடிவிட்டது. வைக்கும்போது ஒரு சொட்டு வழிந்ததை முந்தானையால் துடைத்தேன். இது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் மேடம் சொன்ன ஆறுதல் எனக்குள் இறங்கவில்லை.

வெளி வேலையை முடித்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். என் பிழைப்பு அந்தத் திரையில் இருக்கிறது, வேறெங்கே பார்ப்பேன்? திரையில் எனக்குப் படிக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மேல் மூலையில் மணி ஓடிக்கொண்டிருக்கும். பதினொன்று இருபது, பதினொன்று இருபத்தொன்று. மற்றதெல்லாம் எனக்குக் கோடும் கட்டமும். அதனால் மணியையும் கோட்டையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கோடு உடைந்தது. அதே நொடியில் இருபத்தொன்பது முப்பதாக மாறியதைப் பார்த்தேன். சரி, தற்செயல் என்று விட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு தடவை உடைந்தது. அப்போதும் எண் மாறியது. மூன்றாவது தடவைக்காகக் கால் மரத்துப்போகிறவரை உட்கார்ந்திருந்தேன். அதுவும் அப்படியேதான். எழுந்து கண்ணாடியைத் தட்டினேன்.

"மேடம், அந்த மணி எப்போ வந்துச்சு?"

"எந்த மணி?"

"மூலையில ஓடுதே. பூஜைக்கு முன்னாடி அது இல்லையே."

மேடம் திரும்பிப் பார்த்தார். "ஆமாக்கா. பூஜை முடிஞ்சதும் ஐயாதான் மணி தெரிஞ்சா நல்லா இருக்கும்னு கேட்டாரு. நான் போட்டேன்."

"அது மாறும்போதுதான் கோடு அறுவுது. மூணு வாட்டி பாத்தேன்."

கிளார்க் சிரித்தார். "ஆயா கடியார ரிப்பேருக்கும் வந்துட்டாங்கடா."

மேடம் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து, "உள்ள வாங்கக்கா" என்றார். "நான் போவக்கூடாதுன்னு ஐயா சொல்லியிருக்காரு" என்றேன். "அப்போ வாசப்படியிலயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைக்கடியாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண் மாறும் சமயம் பார்த்துப் பட்டையை இறக்கினார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நிமிஷமும் ஆகவில்லை. எட்டு நிமிஷம் பார்த்தோம். கோடு அப்படியே முழுசாக நின்றது.

மூன்று தடவை பார்த்த கண் பொய் சொல்லுமா? அப்போதுதான் மேடத்தின் விரலைக் கவனித்தேன். தட்டி, நிறுத்தி, தட்டி, நிறுத்தி, ஒவ்வொரு வரியாக இறக்கினார்.

"மேடம், நீங்க தட்டித் தட்டி எறக்குறீங்க. அவரு அப்படிப் பண்ண மாட்டாரு. பொத்தானை அமுக்கிப் புடிச்சிக்குவாரு. பட்டை தடதடன்னு கீழ ஓடும்."

"நாப்பது வரி இருக்குது, ஒண்ணொண்ணா தட்டிக்கிட்டிருந்தா விடிஞ்சிடும்" என்றார் கிளார்க்.

மேடம் நாற்காலியை விட்டு எழுந்தார். "சார், நீங்களே உக்காருங்க. தினம் எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க."

கிளார்க் உட்கார்ந்து விரலை அழுத்திப் பிடித்தார். பட்டை அடிவரைக்கும் ஓடி, மறுபடி மேலிருந்து ஓடியது. ஐம்பத்தெட்டு நொடி, ஐம்பத்தொன்பது என்று மேடம் வாய்விட்டு எண்ணினார். எண் மாறியது. கோடு உடைந்து, பட்டை இரண்டு வரியில் நின்றது. கிளார்க், சூடு பட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்றார் மேடம். பத்து தடவைக்கு எட்டு தடவை வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஏ.சி.யில் ஐஸ் மாதிரி இருந்தது.

எனக்குப் புரியும்படி சொன்னார். "கட்டத்தை வரையறதுக்கும் மணி எழுதறதுக்கும் இருக்குறது ஒரே கைதாங்க்கா. கோடு போட்டுக்கிட்டிருக்கும்போது நிமிஷம் மாறிச்சுன்னா, கை பாதியில விட்டுட்டு மேல போய் மணியை எழுதுது. திரும்பி வரும்போது விட்ட எடம் தெரியாம வேற எடத்துல தொடங்கிடுது."

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. மில்லில் ஒரு ஆளுக்கு இரண்டு மெஷின் என்று ஆக்கியபோது எங்களுக்கும் இதே கதிதான். அந்தப் பக்கம் அறுந்ததை முடிச்சுப் போட்டுவிட்டு வருவதற்குள் இந்தப் பக்கம் எங்கே விட்டோம் என்று தெரியாது. "கோடு முடியற வரைக்கும் மணியைக் காத்திருக்கச் சொல்லிடுங்க" என்றேன். "அதைத்தாங்க்கா எழுதப்போறேன்" என்றார்.

நாலு மணிக்கு எழுதி முடித்தார். கிளார்க் ஒரு மணி நேரம் பொத்தானை அமுக்கிப் பிடித்தே உட்கார்ந்திருந்தார். கோடு உடையவில்லை. ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

"அப்போ சந்தனம் இல்லையா?" என்றார் ஐயா.

"சந்தனமும் இல்ல, தொடப்பமும் இல்ல சார். கடியாரம்."

அந்தக் கடியாரத்தைக் கேட்டது யார் என்று மேடம் சொல்லவில்லை. ஐயாவுக்கே ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. அவர் கண் திரையின் மூலைக்குப் போனது. கிளார்க் தொண்டையைக் கனைத்து, "சார், பொட்டு வைக்கச் சொன்னதும் நான்தான்" என்றார். இப்போதாவது சொன்னாரே என்று இருந்தது எனக்கு. ஐயா வந்து கண்ணாடிக் கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டார். "உள்ள வாம்மா. நாலு நாளா கூட்டாம ஒரே தூசி" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அந்தக் கதவு போதும்.

பொங்கல் கழிந்து மாசிக்குள் ஆர்டர் வந்தது. எழுத்துக் கூட்டி என் பெயரை நானே படித்தேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஐயாவே கூப்பிட்டு, "பெரிய சாமிக்குப் பொட்டு வைம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கம்ப்யூட்டருக்கு வைத்தேன். ஆனால் அந்தச் சந்தனத்தைப் பின்பக்கம் போய் யாரும் பார்க்காமல், கெட்டியாக, உருட்டினால் உருண்டை நிற்கிற பதத்தில் குழைத்து எடுத்து வந்திருந்தேன்.