ஒற்றைக் கையில் வாசித்த பாட்டு

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசிப்பவன். இருபது வருஷமாக மேடையில் இருந்தும் மைக்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவே கூச்சப்படுகிறவன் எழுத வந்துவிட்டான் என்று கோபிக்க வேண்டாம். ஒரு பாட்டைப் பற்றி, அதில் இல்லாதவர்களெல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நான்தான்.

பாட்டின் மெட்டு என்னுடையது. வார்த்தைகள் என் மனைவியின் தம்பியுடையவை, பாடியதும் அவனே. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ்ஸைத் தவறவிட்டவன் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறான், அவ்வளவுதான் விஷயம். வலது கைக்கு உள்ள மெட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் வாசிக்கும். எனக்குப் பெருமை இடது கையில்தான். தூரத்தில் பஸ் வருவது போலவும், வந்தது வேறு ஊர் பஸ் என்று தெரிந்து அவன் மறுபடி தூணில் சாய்வது போலவும் மெட்டுக்குக் கீழே இன்னொரு இசை நிற்காமல் ஓடும். ஒரு மாதம் உட்கார்ந்து அமைத்தேன்.

பதிவுக்கு நான்கு நாள் முன்பு, சித்தூரில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் பெட்டியை வேனிலிருந்து இறக்கும்போது அது என் இடது கையில் விழுந்தது. எலும்பு முறிவுக்குப் புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். மூங்கில் பத்தையும் முட்டையும் பச்சிலையுமாக, முழங்கையிலிருந்து விரல் வரை கட்டை போல ஆகிவிட்டது. பதிவைத் தள்ளி வைக்கலாம் என்றேன். மச்சான் கேட்கவில்லை.

"வலது கை சும்மாதான கீது மாமா? அதுல வாசி. இடது கையை அப்பறம் சேத்துக்கலாம்" என்றான்.

அந்த ‘அப்பறம்’ இன்றுவரை வரவில்லை.

திருப்பதியில் ஒரு செருப்புக் கடைக்கு மாடியில் ஸ்டூடியோ. ஒற்றைக் கையில் வாசித்தேன். இரண்டாவது சரணம் முடிந்ததும் பியானோவிலிருந்து வயலின் சத்தத்துக்கு மாற வேண்டும். இடது கை இருந்தால் அது பட்டனை அழுத்தும், வலது கை நிற்காது. இப்போது வலது கையையே எடுக்க வேண்டியதாயிற்று. அவசரத்தில் தப்புப் பட்டனை அழுத்தி, பிறகு சரியானதைத் தேடி அழுத்தினேன். அதுவரை அங்கே ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை எடுக்கச் சொன்னேன். ஸ்டூடியோக்காரர் தெலுங்குக்காரர். "பாகுந்தி, நல்லாத்தான் கீது, அப்படியே உடு" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. இதுதான் நியூ வேவ் என்றார்கள். எல்லாவற்றையும் துறந்த இசை என்று ஒருவர் எழுதினார். துறந்தது நான் இல்லை, ஸ்பீக்கர் பெட்டி. அந்த இடைவெளியைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். அங்கே உதட்டில் விரல் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்று ஒரு வழக்கமே வந்துவிட்டது. நான் பட்டன் தேடியதற்கு இவ்வளவு மரியாதை.

மச்சான் பேட்டி கொடுத்தான். திருமலையில் விடியற்காலைப் பனியில் நின்றபோது கேட்ட மௌனமாம் அது. அவன் மலைக்குப் போனது மொட்டை போட ஒரே ஒரு தடவை. தரிசனத்துக்குக் காத்திருக்கும் கம்பார்ட்மெண்டில் அத்தனை குழந்தைகள் அழ, மௌனத்தை எந்தக் காதால் கேட்டானோ. பேட்டியைப் பார்த்த என் மனைவி, "இவன் எந்தக் காலத்துல விடியக்காலம் எழுந்தான்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பிறகு சென்னையிலிருந்து நாலு பேர் சேர்ந்து அதை மறுபடி பாடி, ‘கவர்’ என்று வெளியிட்டார்கள். கிதார், டிரம்ஸ், பாட ஒரு பெண் என்று எல்லாம் இருந்தது. ஆனால் கீபோர்டுக்காரர் இடது கையைப் பாக்கெட்டில் விட்டிருந்தார். என் தப்பை அளந்து, இரண்டு மடங்கு நீட்டியிருந்தார்கள். அந்த இடைவெளி முடியும்வரை அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அதுவும் பெரிய வெற்றி.

போன மாதம் அந்த நாலு பேரும் திருப்பதியில் ஒரு கல்லூரி விழாவுக்கு வந்தார்கள். முதலில் மச்சானும் நானும் வாசிக்க வேண்டும், பிறகு அவர்கள். எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். ஒரே ஒரு தடவை, கூட்டத்துக்கு முன்னால், அந்தப் பாட்டை முழுதாக வாசித்துவிட வேண்டும். கை குணமாகி எத்தனையோ நாளாயிற்று. மேடைப் படியில் மச்சான் என் காதோடு, "மாமா, இடது கையை மேல கொண்டாராத. புள்ளைங்க அந்த ஒத்தக் கைய பாக்கத்தான் வந்துகீது" என்றான். நான் தலையாட்டினேன். எதற்கும் தலையாட்டித்தான் பழக்கம்.

இரண்டு கையாலும் வாசித்தேன்.

முதல் சரணத்திலேயே மச்சான் திரும்பிப் பார்த்தான். பாடுவதை நிறுத்த முடியாது, பாடினான். இரண்டாவது சரணம் முடிந்தது. கூட்டம் மொத்தமும் உதட்டில் விரலை வைத்தது. நான் நிறுத்தவில்லை. பஸ் வந்தது, வேறு ஊர் பஸ், அவன் தூணில் சாய்ந்தான். பிள்ளைகள் வைத்த விரலை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். எங்கே நுழைவது என்று தெரியாமல் மச்சான் கடைசிச் சரணத்தை அரை வரி தாமதமாகத் தொடங்கினான்.

இறங்கியதும் அந்தச் சென்னைப் பெண் என்னிடம் வந்தாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"அங்கிள், இந்த கவர் ரொம்ப வித்தியாசமா இருக்கு. யாரு பண்ணது?"

வாயைத் திறந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டான்.

"மாமா கல்யாணத்துல வாசிச்சிக்கினு இருக்கறவரு இல்ல? கை சும்மா இருக்காது. ஏதோ சேத்துக்கினாரு."

அவள் சிரித்து, அந்தப் பாட்டின் அழகே அதில் ஒன்றும் இல்லாததுதான் என்று எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். நான் தலையாட்டினேன். பிறகு அவர்கள் மேடையேறினார்கள். கீபோர்டுக்காரர் கையைப் பாக்கெட்டில் விட்டதற்கே கைதட்டல் விழுந்தது.

மறுநாள் விழாவின் வீடியோவைப் போட்டார்கள். ஒலி சரியாகப் பதிவாகவில்லை என்று சொல்லி, நான் வாசித்த பகுதிக்குப் பழைய பதிவையே ஒட்டியிருந்தார்கள்.