இரண்டு தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தவர்

டாக்டர் மரகதம் அவர்களை அறிந்தவர்களுக்கு, ராசிபுரத்தில் அவர் நடத்திய சிறிய மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தைக் கவனித்துவந்தவன் எழுதுகிறேன். வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. சொல்ல நினைப்பவை இவை:

1. செய்தி வந்த விதம்.
2. ஒரு தாயின் மேலிருந்த முட்டைப் பழியை அவர் நீக்கியது.
3. அதே அறிவு பிறகு அந்தத் தாய்க்குச் செய்தது.
4. அவர் எவரையும் எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை என்பது.
5. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது.

செய்தியைத் தொலைபேசியில் சொன்னவர் மருத்துவமனையின் பழைய செவிலியர். "நம்ம டாக்டரம்மா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். நான் "சரி" என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் வெண்ணந்தூரிலிருந்து விசைத்தறிக்காரர் ஒருவரும் அவர் மனைவி பாவாயியும் தங்கள் இளைய மகள் தங்கமணியைக் கூட்டிவந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற வயது. முழங்காலிலும் குதிகாலிலும் மஞ்சளாகக் கட்டிகள்; நாலெட்டு நடந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். இரத்தத்தில் கொழுப்பைப் பார்க்க அமிலம் சேர்ப்போம். பச்சை நிறம் வரும். கொழுப்பு கூடக்கூடப் பச்சை அடர்த்தியாகும். தங்கமணியின் குழாயில் வந்த பச்சையைப் பார்த்து, அமிலத்தைத்தான் தவறாக ஊற்றிவிட்டேன் என்று நினைத்து மறுபடி செய்தேன். அதே பச்சை.

பாவாயி அழுதார். "நாந்தானுங்க கெடுத்தேன். புள்ள எளைச்சிருக்கறான்னு தெனமும் முட்டைய அவிச்சு அவிச்சு ஊட்டுனனுங்க."

டாக்டர் விடுமுறை கிடைத்தால் சென்னைக்குப் போய், தாம் படித்த கல்லூரியின் நூலகத்தில் உட்கார்ந்து புதிய ஆய்விதழ்களைப் படித்துவிட்டு வருவார். உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகள்தாம் கொழுப்பை இரத்தத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்பது அப்போது புதிய செய்தி. அதை அவர் பாவாயியின் கணவரிடம் தறியை வைத்துச் சொன்னார்.

"உங்க தறிக் கொட்டாய்ல நூல் தீந்துபோனா என்ன பண்ணுவீங்க?"

"வண்டியில இருந்து எறக்கறதுக்கு ஆள் அனுப்புவனுங்க."

"கொட்டாய் நெறைய நூல் கெடந்தா?"

"அப்பறம் அந்த ஆளுக்கு அங்க என்னங்க வேலை? உள்ளார கூப்புட்டுக்குவேன்."

"ஒடம்பும் அதேதானுங்க. ஒவ்வொரு உயிரணுவும் ஒரு கொட்டாய். இருப்புக் கொறஞ்சா வாசல்ல ஆள நெறைய நிறுத்தும், நெறஞ்சுபோனா கொறைச்சுக்கும். நீங்களும் நானும் கண்டபடி தின்னா, ஆளு கொறஞ்சு, ரத்தத்துல கொழுப்புத் தேங்கும். தங்கமணிக்கு அப்படியில்லீங்க. எறக்கற ஆளே பொறக்கல. வண்டி பூராத் தெருவுலயே நிக்குது. அந்தக் கட்டியெல்லாம் தெருவுல கொட்டிக் கெடக்கற சரக்கு. அம்மிணி, நீ முட்டை குடுத்தாலும் குடுக்காட்டியும் இதுதான்."

நான் இடையில் புகுந்து, கொழுப்பை அதிகம் இழுப்பவை கல்லீரலின் உயிரணுக்கள் என்று சொன்னேன். அவர்கள் போன பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க சார், அந்தம்மா மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கறப்பவும் கல்லீரலுக்கு வக்காலத்து வாங்கோணுமா?"

ஆனால் பாவாயி அன்று நிமிர்ந்து நடந்து போனார். அடுத்த முறை தங்கமணிக்கு ஒரு முட்டையை அவித்து மடியில் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் முன்னாலேயே உரித்துக் கொடுத்தார். தங்கமணி இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துவிட்டாள். அவளுக்குப் பலிக்கும் மருந்து அப்போது இல்லை.

மூன்றாவதற்கு வருகிறேன். ஏற்பி செய்யும் மரபுக்கூறு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று வருகிறது. ஒன்று மட்டும் பழுதானால் பாதி ஆட்கள் இருப்பார்கள், ஓரளவு ஓடும். இரண்டும் பழுதானால் தங்கமணி. பாவாயியும் கணவரும் மாமன் மகளும் அத்தை மகனும். ஒரே பழுது இரண்டு பக்கமும் வந்திருந்தது. தங்கமணி போன சில ஆண்டுகளில், எண்பதுகளின் தொடக்கத்தில், பாவாயி தம் மூத்த மகன் பழனிச்சாமிக்கு அண்ணன் மகளைப் பேசினார். அவர்கள் பக்கத்தில் அது கேட்டுச் செய்வதல்ல; செய்யாவிட்டால்தான் கேள்வி வரும்.

டாக்டர் இருவர் இரத்தத்தையும் வாங்கிவரச் சொன்னார். நான் பார்த்தேன். இரண்டிலும் பச்சை கூடுதல். இருவரும் பாதி ஆட்கள் உள்ளவர்கள். எனக்கு என் கையின் மேல் நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தபோது டாக்டர் வந்து நின்றார். "சந்தேகமிருந்தா எத்தனை தடவை வேணும்னாலும் செய்யுங்க சார். தீந்துபோச்சுன்னா சும்மா இருக்கக்கூடாது" என்றார்.

பாவாயியையும் அவர் அண்ணனையும் தனியே அழைத்து உட்கார வைத்தார்.

"நாலு கொழந்தைல ஒண்ணு தங்கமணியாட்டப் பொறக்கலாமுங்க."

"மூணு நல்லாப் பொறக்குமுங்கல்ல?" என்றார் அண்ணன்.

பாவாயி டாக்டர் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா, முட்டையின்னே சொல்லியிருக்கலாமுங்க நீங்க. முட்டையின்னா நிறுத்திப்போடலாம். பொறந்த ஊட்ட எப்படீங்க நிறுத்தறது?" என்றார்.

அண்ணன் எழுந்தார். "வெள்ளிக்கிழம உப்புச்சர்க்கரை மாத்தறோம். வந்து சாப்புட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உப்பும் சர்க்கரையும் தட்டில் வைத்து இரு வீட்டாரும் மாற்றிக்கொண்டால் இந்தப் பக்கத்தில் பேச்சு முடிந்த மாதிரி. டாக்டர் போனார், என்னையும் உடன் வரச் சொன்னார். ஜமுக்காளம் விரித்து, எதிரெதிரே தட்டுகளை வைத்திருந்தார்கள். டாக்டர் நேராகப் போய் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, அப்பிடித் தள்ளி உக்காருங்க."

"இங்கியே இருக்கறனுங்க. மாத்தறதுன்னா என்னையத் தாண்டி மாத்திக்குங்க."

உட்கார்ந்திருக்கும் பெரியவரை யார் தாண்டுவார்கள்? காரணம் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண்ணின் பெயர் அன்றே ஊரில் கெட்டுவிடும். பிறகு யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள். "டாக்டருக்குப் படிச்சுப் படிச்சு முத்திப்போச்சாட்ட இருக்குது" என்றார் ஒருவர். "சோறு போட்டாத்தான் எந்திரிப்பாங்க போல" என்றார் இன்னொருவர். "ஆமாங்க, பசிக்குதுங்க" என்றார் டாக்டர். சிலர் சிரித்தார்கள். அவர் அசையவில்லை. நான் வாசற்படியோரம் நின்றேன்; உள்ளே போக எனக்குத் துணிவு வரவில்லை.

கடைசியில் பாவாயி எழுந்து வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் தம் பக்கத்துத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் அன்றே சொல்லிவிட்டார்: "இனி உனக்குப் பொறந்த ஊடு இல்ல புள்ள."

அப்படியே ஆயிற்று. பொங்கல் சீர் நின்றது. அண்ணன் இறந்தபோதும் பாவாயிக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்தப் பெண்ணும் பழனிச்சாமியும் வெவ்வேறு இடங்களில் மணந்தார்கள்; இரு வீட்டுப் பிள்ளைகளில் எவருக்கும் கட்டிகள் வரவில்லை. பழனிச்சாமிக்கு டாக்டர் பம்பாயிலிருந்து ஒரு தூள் மருந்து வரவழைத்துக் கொடுத்தார். அது பித்தத்தைக் குடலில் பிடித்து வெளியேற்றும். கல்லீரல் புதுப் பித்தம் செய்யத் தன் கொழுப்பைச் செலவழித்து, இருப்புக் குறைந்து, வாசலில் ஆட்களைக் கூட்டும். பாதி ஆட்களாவது இருப்பவர்களுக்கே அது பலிக்கும். அவருக்குப் பலித்தது. "ஆத்து மணலக் கரைச்சுக் குடிக்கறாப்பல இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே குடித்தார். பாவாயி மட்டும் மருத்துவமனைப் பக்கம் அதன்பின் வரவேயில்லை. "அவ வராதது நாயம்தானுங்க சார்" என்று டாக்டர் ஒருமுறை சொன்னார்.

டாக்டரின் இழவு வீட்டுக்குப் பழனிச்சாமி தனியாக வந்திருந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது.

"அம்மா வல்லீங்களா?" என்று கேட்டேன்.

"கூப்புட்டனுங்க. வல்லைன்னுட்டாங்க. ஆனா சேதி கேட்டதும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டாங்க" என்றார்.

செத்தவர் உறவாக இருந்தால்தான் அப்படிக் குளிப்பார்கள்.

நான் வைத்துக்கொண்டிருப்பது, சந்தேகம் தீர்ந்த பின் சும்மா இருக்கக்கூடாது என்ற அவருடைய சொல். அதன்படி நான் அதிகம் நடந்ததில்லை, ஆனாலும் வைத்திருக்கிறேன்.

வரிசையில் நான்காவது எழுதப்படாமல் நிற்கிறது. எழுத முடியவில்லை, ஏனென்றால் அது தவறு. டாக்டர் மரகதம் கட்டாயப்படுத்தினார். பிறக்காத ஒரு குழந்தைக்காக, உயிரோடிருந்த ஒரு பெண்ணிடமிருந்து அவள் பிறந்த வீட்டை எடுத்தார். தெரிந்தே எடுத்தார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கட்டாயப்படுத்தியதில்லை என்று நான் எழுதினால், அவர் கடைசிவரை சுமந்ததை அவர் சுமக்கவேயில்லை என்று சொன்னதாகிவிடும்.