இடது கால் ஒரு விலை, வலது கால் ஒரு விலை

வீட்டுக்கு வந்ததும் கன்பாரா நொரியுகி, டாக்ஸி கம்பெனியின் கறுப்புக் காற்சட்டையைக் கழற்றிவிட்டுத் தன் ஜீன்ஸை மாட்டிக்கொள்கிறார். அதில் இடது கால் ஒரு நீலம், வலது கால் வேறு நீலம். மாட்டியதும் வாசலுக்கும் சமையலறைக்கும் இடையே உள்ள நடையில் குந்தி எழுந்து, குந்தி எழுந்து, ஒரு நடை போய் வருவார். முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு நன்றாக விழவேண்டுமாம். "தவளை வந்தாச்சு" என்பாள் மனைவி மசுமி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐம்பது தாண்டிய மனிதர். தலைமுடி இன்னும் கெட்டி. கோஜிமா ரயில் நிலையத்துக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு, ரயில் வரும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவருடைய டாக்ஸியைச் சற்று உற்றுப் பார்த்தால் இடது வைப்பர் ஒரு கம்பெனி, வலது வைப்பர் இன்னொரு கம்பெனி என்பது தெரியும். எது நன்றாகத் துடைக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரே மீனை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதிக்குக் கடையில் வாங்கிய உப்பும் மறு பாதிக்குத் தீவிலிருந்து வந்த உப்பும் தடவி, மசுமியைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடச் சொன்ன ஆள் அவர். மீன் ஆறிப்போனதுதான் மிச்சம் என்று அவள் இன்றும் சொல்கிறாள்.

கோஜிமாவில் பாதி ஊர் பள்ளிச் சீருடை தைக்கிறது, மீதி ஊர் ஜீன்ஸ் தைக்கிறது. மசுமி சீருடைப் பக்கம். தொழிற்சாலையில் பையன்களின் காற்சட்டைக்கு, இடுப்பிலிருந்து நடுவே இறங்கும் பின்தையல் போடுகிறாள். நொரியுகி இரண்டு பக்கமும் இல்லை. ஜீன்ஸ் கடைகள் இருக்கும் தெருவுக்கு வெளியூர்க்காரர்களைக் கொண்டுபோய் விடுவது மட்டும்தான் அவருக்கும் அந்தத் துணிக்கும் இருந்த உறவு. வருகிறவர்கள் போகும் வழியில் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: இவ்வளவு விலை கொடுக்கலாமா? "வாங்கினவங்க யாரும் திரும்பி வந்து திட்டினதில்ல" என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்துவிடுவார்.

ஒரு மழைநாளில் ஹிரோஷிமாவிலிருந்து வந்த ஒரு நர்ஸ் அந்தச் சிரிப்பை ஏற்கவில்லை. மருத்துவமனையில் நாள் முழுக்க வெள்ளை உடுத்துகிறவள். தனக்கென்று ஒரே ஒரு நல்ல ஜீன்ஸ் வாங்க வந்திருந்தாள். "நீங்க இந்த ஊர்லயே பொறந்தவர்தானே. எனக்கு உண்மையச் சொல்லுங்க" என்றாள்.  பிறந்த ஊரின் துணியை ஒரு நாளும் உடுத்திப் பார்த்ததில்லை என்று நொரியுகி ஒப்புக்கொண்டார். அவள் இறங்கிப் போனபிறகும் அது அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஹியோதோவின் ஜீன்ஸ் கடைக்குப் போனார். தெருவின் முனையில் சின்னக் கடை. நாற்பது வயசு ஹியோதோ, டாக்ஸி வேண்டும் என்கிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் நொரியுகியைத்தான் கூப்பிடுவார். அவர் எடுத்துக் காட்டியது துவைக்காத டெனிம் ஜீன்ஸ், பழைய குறுகலான தறியில் நெய்தது, ஓரத்தில் சிவப்பு நூல் ஓடுவது. விலை முப்பத்தெட்டாயிரம் யென். "இத துவைக்கவே துவைக்காதீங்க அண்ணே. உங்க உடம்பு எப்படி மடங்குதோ அப்படியே வெளுக்கும். உங்களத் தவிர வேற யாருக்கும் ஆகாது" என்று சொல்லி ஹியோதோ அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

முதலில் ஒரு தடவை சுருங்குவதற்காகக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டதில், தொட்டியைச் சுற்றி ஒரு நீல வளையம் விழுந்தது. அது இன்றுவரை போகவில்லை. காய்ந்தபின் ஜீன்ஸ் அட்டைபோல விறைத்து, கூடத்து மூலையில் தானாக நின்றது. வேலை முடிந்து வந்த மசுமி அதைப் பார்த்தாள். "யாரு இவரு? சாப்பிட்டுட்டுத்தான் போவாரா?" என்று கேட்டாள்.

விலை தெரிந்ததும் அவள் கத்தவில்லை. மறுநாள் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து இன்னொரு ஜீன்ஸோடு வந்தாள். அதே அளவு, ரப்பர் நூல் கலக்காத முழுப் பருத்தி. குவியலில் லேபிள் லேபிளாகப் புரட்டித் தேடியிருக்கிறாள். நாலாயிரம் யென். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, "ரெண்டும் துணிதான்" என்றாள். அவர் தறியைப் பற்றிச் சொன்னார், சாயத்தைப் பற்றிச் சொன்னார், எல்லாம் ஹியோதோ சொன்னதுதான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: உனக்கே தெரியுமா, இல்லை கடைக்காரன் சொன்னதைச் சொல்கிறாயா?  சில நாள் இரண்டு ஜீன்ஸும் தொடாமல் கிடந்தன. பேச்சும் குறைந்தது.

பிறகு ஒரு சாப்பாட்டு வேளையில் அவள்தான் சொன்னாள். "வைப்பருக்குப் பண்றியே, அதே மாதிரி காலுக்கும் பண்ணிப் பாரேன்."

நொரியுகி சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பிரிச்சுத் தர்றியா?"

"விளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் விளையாட்டுக்குக் கேக்கல."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மசுமி தையல் பெட்டியை எடுத்து வந்தாள். விலை உயர்ந்ததைத்தான் முதலில் மடியில் போட்டுக்கொண்டாள். பின்தையலின் முதல் நூலைப் பிரிக்கும்போது நொரியுகி துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். பிறகு விட்டுவிட்டார். அவளும் நடுவில் ஒருமுறை நிறுத்தினாள். உள்பக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் தைச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு மேலே பிரித்தாள். இரண்டு ஜீன்ஸும் நாலு பாதிகளாயின. ஹியோதோ கடை இடது காலையும் சூப்பர்மார்க்கெட் வலது காலையும் சேர்த்து ஒன்றாகத் தைத்து அவருக்குக் கொடுத்தாள். மிஞ்சிய இரண்டு பாதிகளைத் தூக்கிப்போட அவளுக்கு மனம் வரவில்லை. இடுப்பைப் பிடித்து, நீளத்தைக் குறைத்து, தனக்கே ஒன்று செய்துகொண்டாள். அவளுக்கு வலது கால் விலை உயர்ந்தது, இடது கால் மலிவு.

அன்று தொடங்கிய பரிசோதனை இது. ஒரே உடம்பு, ஒரே நடை, ஒரே வெயில்; ஹியோதோ சொன்னபடி துவைப்பது மட்டும் கிடையாது. நொரியுகிக்கு இதில் தெரியவந்த விஷயங்கள் பல. முதல் சில வாரம் இடது முழங்காலை மடக்குவதே பெரும்பாடு. படியேறும்போது நொண்டுவதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்தார்கள். ஆகஸ்ட் வெக்கையில் வலது கால் காற்றோட்டமாக இருக்க, இடது கால் மட்டும் வெந்தது. குளிர்காலத்தில் அதற்கு நேர்மாறு. மெல்ல மெல்ல இடது தொடையில் அவர் பையில் வைக்கும் புதினா மிட்டாய் டப்பியின் வடிவம் வெளுப்பாக எழுந்தது. முழங்காலுக்குப் பின்னால் தேன்கூடு மாதிரி மடிப்புகள் விழுந்தன. வலது கால் சும்மா மங்கியது. அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாளிலிருந்தே பழைய நண்பனைப்போல இளகித்தான் இருந்தது. பயணிகள் கேட்டால் இப்போதெல்லாம் அவர் சிரித்துச் சமாளிப்பதில்லை. பார்க்கச் சொகுசு இடது, உட்காரச் சொகுசு வலது, முடிவு இன்னும் வரவில்லை என்கிறார். அவர்கள் இவரைக் கொஞ்சம் வினோதமாகப் பார்க்கிறார்கள்.

இதற்கு அவர் ஒரு விலையும் கொடுத்தார். ஷிமோட்சுய் துறைமுகத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஹியோதோ எதிரே வந்துவிட்டார். தான் விற்ற துணி பாதியாகப் பிளந்து சூப்பர்மார்க்கெட் துணியோடு ஒட்டியிருப்பதைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு அவர் கடை வாசலில் வேறு டாக்ஸிகள் நின்றன. நொரியுகிக்குச் சவாரி போனதைவிட அந்தத் தலைகுனிந்த வணக்கம்தான் வலித்தது. போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு மூன்று தடவை தெருமுனை வரை போனார். என்ன தப்புக்கு மன்னிப்பு என்று தெரியாமல் திரும்பிவிட்டார்.

இந்த வசந்தத்தில், ஊர்க்காரர்கள் சேர்ந்து சாக்கடை அள்ளும் ஞாயிறு காலையில், விஷயம் பொதுவில் வந்தது. வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும். இவர்கள் இரண்டு பேருமே வந்திருந்தார்கள். ஹியோதோவும் மண்வெட்டியோடு நின்றார். நொரியுகி சிமெண்ட் மூடியைத் தூக்கக் குந்தியபோது, படக்கென்று ஒரு சத்தம் எல்லாருக்கும் கேட்டது. தொடையிடுக்கில், இடது பக்கம். முப்பத்தெட்டாயிரத்துப் பக்கம்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். காசு கத்துது பாரு என்றார் ஒருவர். நொரியுகி கையால் மறைத்துக்கொண்டு எழுந்தார். ஹியோதோ யாரையும் பார்க்காமல் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தார், காது சிவந்திருந்தது. பரிசோதனைக்கு விடை கிடைத்துவிட்டது, ஆனால் நொரியுகிக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. தோற்றது தானே என்பதுபோல இருந்தது அவருக்கு.

அப்போது மசுமி துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ஹியோதோவுக்கு முன்னால் போய் நின்றாள். "இங்க பாருங்க ஹியோதோ. எனக்கும் அதே துணி. எனக்கு ஏன் கிழியல?"

ஹியோதோ மண்வெட்டியைக் கீழே வைத்தார். சற்றுத் தயங்கிவிட்டு, எட்டத்திலேயே குந்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். அவளுடைய வலது கால் வானத்து நீலமாக வெளுத்து, ஒரு நூல்கூட விடாமல் இருந்தது. மலிவான இடது முழங்காலில்தான் வெள்ளை நூல்கள் எட்டிப் பார்த்தன.

"துவைச்சீங்களா அண்ணி?"

"வாரா வாரம். நாறுமில்ல?"

ஹியோதோ சிரித்துவிட்டார். "கெட்டித் துணியில வேர்வை தங்கிடும், தங்கினா இத்துப்போகும் அண்ணி. எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் துவைக்காதேன்னு சொன்னீங்க?"

"அப்படிச் சொன்னாத்தான் வாங்கறவங்களுக்கு ஒரு இது வருது."

சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது ஹியோதோவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் எழுந்து நொரியுகியிடம் வந்து, கிழிந்ததைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னார்; அதே நூல் தன்னிடம் இருக்கிறது, தானே தைத்துத் தருவதாகச் சொன்னார். வலது பக்கத்தில் மட்டும் கை வைக்க மாட்டாராம். மறுநாள் மாலை, கோபேயிலிருந்து வந்த ஒரு தம்பதியை ரயிலுக்குக் கொண்டுபோகச் சொல்லி நொரியுகிக்கு அழைப்பு வந்தது.

போன ஞாயிறு கணவனும் மனைவியும் அவரவர் ஜீன்ஸை உடுத்திக்கொண்டு ஷிமோட்சுய் அலைதடுப்புச் சுவரில் உட்கார்ந்து, காகிதத்தில் சுற்றிய பொரித்த ஆக்டோபஸ் சாப்பிட்டார்கள். நொரியுகி இன்னும் விடமாட்டேன் என்கிறார். முப்பத்தெட்டாயிரத்துக்கு அந்த நாலாயிரத்துத் துணியில் ஒன்பது வாங்கலாமே, ஒன்பதும் தேயும் வரை அந்த ஒன்று உழைக்குமா, அதை எப்படிச் சோதிப்பது என்று கடலைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனார். "எத்தனை தடவ சொல்றது. ரெண்டும் துணிதான்" என்றாள் மசுமி. கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, எண்ணெய் விரல்களைத் துடைக்க வலது தொடைப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். துணியில் படுமுன் கை நின்றது. பிறகு மடியைத் தாண்டிப் போய், இடது தொடையில் நன்றாக அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.