மாதா பீடத்தில் மூன்று குப்பிகள்

அம்மா வீட்டு மாதா பீடத்தின் பலகையில் மூன்று வட்டத் தழும்புகள் இருக்கின்றன. அங்கே வரிசையாக நின்ற கண் மருந்துக் குப்பிகளைச் சுற்றி மெழுகு வழிந்து உறைந்த அடையாளம் அது.

அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம் அதிகம். தஞ்சாவூர் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை அண்ணன் துபாயில் வாங்கி, ஊருக்கு வருகிறவர்களிடம் மும்மூன்றாகக் கொடுத்தனுப்புவான். வந்ததும் அம்மா அட்டைப்பெட்டியைப் பிரித்து என்னிடம் போட்டுவிட்டு, குப்பிகளை மாதாவின் காலடியில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவாள். பிள்ளை அனுப்பியது எதுவும் முதலில் அங்கேதான் போகும். மருந்து மட்டும் தீரும்வரை அங்கேயே இருந்தது.

சொட்டு விடுவது நான். பள்ளிக்கூடம் முடிந்து, என் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தினமும் மாலை ஜெபத்துக்குப் பிறகு போவேன். “உனக்குக் கை நடுங்குதுடி. அண்ணன் வந்திருந்தப்ப எவ்வளவு பதமா விட்டான் தெரியுமா!” என்பாள். அவன் விட்டது நான்கே நாள். ஒருமுறை நான் சொட்டு விடும்போதே அவன் தொலைபேசியில் அழைத்தான். “நீதாய்யா எனக்குக் கண்ணு” என்று அவள் சிரித்ததில் மருந்து கன்னத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். என் விரலும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

பெட்டிக்குள் இருந்த தாளை ஒருநாள் படித்தேன். திறக்காத குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் ஆங்கில ஆசிரியை. வெளியே கத்திரி வெயில், பீடத்தில் மெழுகுவர்த்தி, சமையலறையில் அண்ணன் வாங்கித் தந்த ஃப்ரிட்ஜ். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் மருந்து, அவள் மாதா, எனக்கென்ன என்று தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனையில் அழுத்தம் ஏறியிருந்தது. இடது கண்ணின் ஓரப் பார்வை போயிருந்தது.

“மருந்தை எங்கம்மா வைக்கிறீங்க?”

“மாதாகிட்ட சார்.”

டாக்டர் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். “புதுசை ஃப்ரிட்ஜுலல்ல வைக்கணும்? தாள்ல போட்டிருக்குமே.” அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் போன பார்வை திரும்பாது என்றார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவளச் சொல்லாதீங்க சார். பாவம், எனக்காக ஓடி ஓடி உழைக்கிற புள்ள.”

எத்தனையோ வருடங்களாக நான் காத்திருந்த சொல் அது. தாள் என் மடியிலிருந்த பைக்குள் இருந்தது. அம்மா சாகும்வரையிலும் நான் அதைச் சொல்லவில்லை.

இப்போது அதே மருந்து எனக்கு. என் பிள்ளைகளும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மகன் கனடாவில் இருக்கிறான். மகள்தான் சொட்டு விடுகிறாள். போன வாரம் வீடியோவில் அவனிடம் கொஞ்சிக்கொண்டிருந்தேன். குப்பியோடு நின்ற மகள், “தலையத் தூக்கும்மா. நாள் முழுக்க நான் பாக்குறேன், கொஞ்சல் மட்டும் அவனுக்கா?” என்றாள்.

போனை வைத்துவிட்டு, மருந்துப் பெட்டியிலிருந்த தாளை அவளிடம் நீட்டினேன். “சத்தமா படி.”

“அதான் ஃப்ரிட்ஜுல வச்சிருக்கேனே!”

“பரவால்ல, படி.”

படித்துவிட்டுச் சொட்டு விட்டாள். பீடத்தின் மெழுகு வட்டங்களைப் போல அந்தப் பழைய தாளும் இன்னும் என்னிடம் இருக்கிறது. மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே கேட்டுவிட முடிகிற என் மகளின் மேல், அவள் விட்ட சொட்டு கண்ணில் எரிந்துகொண்டிருக்கும்போதே, எனக்குப் பொறாமையாக இருந்தது.