பாலன் பாதத்துக்கு இரண்டு துணி

மதலேனம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ரத்தோட்டையில் ஒரு கடையில் கராம்பு துப்புரவாக்கும் வேலை. நாள் முழுக்க காம்பு ஒரு பக்கம், மொட்டு ஒரு பக்கம் என்று பிரித்துப் போடும் கை அது. அந்தக் கைக்கும் வருடத்தில் சில நாள் ஒரு மகிமை உண்டு. கிறிஸ்து பிறந்த நத்தார் தொடங்கி மூன்று ராசாக்கள் திருநாள் வரைக்கும், பூசை முடிந்ததும் சனங்கள் வரிசையாக வந்து பாலன் யேசு சிலையின் பாதத்தை முத்தி செய்வார்கள். ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு பாதத்தைத் துடைப்பது அவள்தான். பதினோரு வருடமாக அந்த இடத்தை யாருக்கும் விட்டதில்லை. காய்ச்சலோடும் நின்றிருக்கிறாள்.

துணியில் என்னதான் ஒட்டாது? வெற்றிலைச் சாறு, உதட்டுச் சாயம், கேக் துணுக்கு, பிள்ளைகளின் மூக்குச்சளி. முதலாளிமார் சிலர் சாராய வாடையோடுதான் குனிவார்கள். அவளுக்கு எதுவும் அருவருப்பில்லை. எல்லாம் ஆண்டவருக்குக் கொடுத்த முத்தம்தானே.

கொரோனா அடங்கிக் கோயில் திறந்த வருடம், கமிட்டித் தலைவி பிலோமினா டீச்சர் இன்னொரு துணியும் ஒரு ஸ்பிரிட் போத்தலும் கொண்டுவந்து கொடுத்தார்.

"கிருஷ்ணம்மா வந்து போனா இதால துடை மதலேனா. அவ குப்பை ட்ரெக்டர்ல போறவ. நோய் காலம் பாரு."

கிருஷ்ணம்மா கலியாணத்துக்கு முன் ஞானஸ்நானம் வாங்கியவள். புதுப் பெயர் பத்திரத்தில் இருக்கிறது. ஊர் பழைய பெயரைத்தான் கூப்பிடும். டவுன் குப்பையை அள்ளும் வேலை. வரிசையில் எப்போதும் கடைசியாகத்தான் நிற்பாள்.

நோய் போயிற்று. துணி போகவில்லை. மதலேனம்மாவும் ஏனென்று கேட்கவில்லை. இந்த இடத்தை வாங்கிக் கொடுத்ததே டீச்சர்தான். வாயைத் திறந்தால் இடம் போய்விடும்.

இந்த வருடம் மாசில்லாக் குழந்தைகள் திருநாள் வந்தது. ஏரோது ராசா பெத்லகேமில் வெட்டிப்போட்ட பச்சைப் பிள்ளைகளைப் பற்றிச் சாமியார் பிரசங்கம் வைத்தார். முன் வாங்கில் இருந்த டீச்சர் லேஞ்சியால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதார். சாமியாருக்கு அடுத்த தோட்டத்திலும் பூசை; முடித்த கையோடு வேனில் ஏறிவிட்டார். அன்றைக்குப் பிள்ளைகள்தான் முதலில் முத்தி செய்வது வழக்கம்.

கிருஷ்ணம்மாவின் மகள் தர்ஷிகா, ஏழு வயது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாள். குனிந்தாள். பாதத்துக்கு ஒரு சாண் மேலேயே நின்று, காற்றில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன கண்ணு, முத்தி செய்யலியா?"

"வேணாம் பெரியம்மா. நாங்க வாய வச்சா ஒங்களுக்குத் துணி மாத்துற வேலையாம். தள்ளி நின்னே குடுக்கச் சொன்னாங்க அம்மா."

மதலேனம்மாவுக்கு ஸ்பிரிட் வாடை அப்போதுதான் குப்பென்று மூக்கில் ஏறியது போல இருந்தது. இத்தனை வருடமாகக் கிருஷ்ணம்மாவின் கண்ணுக்கு முன்னாலேயே துணியை மாற்றியிருக்கிறாள். மாற்றிவிட்டு முகத்தைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறாள். 'சீ' என்று வந்தது, தன்மேலேயே. பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைச் சொல்லியிருக்கிறாள், புறணியைச் சொல்லியிருக்கிறாள். இதை ஒருநாளும் சொன்னதில்லை.

"கிட்ட வா. நல்லா வாய வச்சு முத்தி செய்."

பிள்ளை சத்தம் கேட்க முத்தமிட்டது. மதலேனம்மா எல்லாருக்கும் துடைக்கும் துணியாலேயே துடைத்தாள். அடுத்து நின்றது பேத்தியின் கையைப் பிடித்தபடி பிலோமினா டீச்சர்.

"மதலேனா, மத்தத் துணி." டீச்சரின் சிரிப்பு மாறவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

"இது போதும் டீச்சர்."

"சின்னப் பிள்ளைங்க வாய் வக்கிற எடம். ஒனக்கு வெளங்கலியா?"

"அதும் சின்னப் பிள்ளதானே டீச்சர். இப்பத்தானே பெத்லகேம் பிள்ளைங்களுக்கு அந்த அழுக அழுதீங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் பேத்தியை இழுத்துக்கொண்டு முத்தி செய்யாமலே போனார். கோயில் வெறுமையானதும் திரும்பி வந்து, மதலேனம்மாவின் கையிலிருந்த துணியை இரண்டு விரல் நுனியால் பிடித்து எடுத்தார், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி.

"நாளையிலருந்து ஒன் எடத்துல அந்தோனியம்மா நிப்பா."

மறுநாள் மாலை பாலனுக்குப் பக்கத்தில் அந்தோனியம்மா நின்றாள். மேசையில் இரண்டு துணியும் போத்தலும் இருந்தன. மதலேனம்மா வரிசையின் கடைசிக்குப் போய், கிருஷ்ணம்மாவுக்குப் பின்னால் நின்றாள். வேலை விட்டு வந்து குளித்த தலை கிருஷ்ணம்மாவுக்கு இன்னும் காயவில்லை.

"எங்களாலதானேக்கா ஒங்க எடம் போச்சு."

"ஒன்னால இல்ல. நான்தான் அந்த எடத்த நாற வச்சுக்கிட்டு இருந்தேன். பேசாம நட."

முறை வந்தது. கிருஷ்ணம்மா தள்ளி நின்றே குனியப் பார்த்தாள். மதலேனம்மா முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினாள். கிருஷ்ணம்மாவின் உதடு பாலனின் பாதத்தில் பட்டது.

அந்தோனியம்மா அவசரமாகப் போத்தல் மூடியைத் திருகினாள். மூடி கழலுவதற்குள் மதலேனம்மா குனிந்து, ஈரம் காயாத அதே இடத்தில் வாய் வைத்து முத்தி செய்தாள்.