பன்னீர் ரோஜாவுக்கு அடித்த பூச்சிமருந்து

அந்த வெள்ளிக்கிழமை காலை வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். அம்மா, வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா, நான். அப்பா இல்லை. அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய்ப் பத்து நாளாகியிருந்தது. மச்சானும் இல்லை. அவருக்கு ஊர் கீரனூர். தினமும் திருச்சிக்குப் பஸ்ஸில் போய் வேலை பார்ப்பவர், எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

நான் பல் விளக்கிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனேன். அக்கா படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் ரோஜா இதழ்கள். ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

"என்னடா முழிக்கிற? ஒனக்கும் ஒண்ணு வேணுமா?"

செடியைப் பார்த்தேன். முந்தின நாள் மூன்று மொட்டு இருந்த கொப்பில் மூன்று காம்புகள் மட்டும் இருந்தன.

அந்தப் பன்னீர் ரோஜா அக்கா வைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு குச்சியை ஒடித்து வந்து, குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் ஊன்றினாள். எங்கள் கொல்லை இரண்டு கயிற்றுக்கட்டில் போடுகிற அகலம்தான். மண்ணும் மண்ணில்லை, செம்புறாங்கல் சரளை. இரண்டு வருஷம் இலையும் முள்ளுமாகவே நின்றது. அக்கா போன பிறகு நான்தான் சுற்றிலும் முழங்கால் ஆழம் தோண்டிச் சரளையை அள்ளிவிட்டு, கண்மாய் வண்டலும் ஆட்டுப் புழுக்கையும் போட்டேன். அதன் பிறகு மொட்டு வைத்தது, ஆனால் விரியாமல் ஓரம் கருகி உதிர்ந்தது. மொட்டைப் பிரித்தால் உள்ளே நூல் நுனி மாதிரிப் பூச்சிகள்.

அக்கா வந்திருக்கும்போது ஒரு பூவாவது அவள் தலையில் ஏற வேண்டும் என்று நினைத்தேன். உரக்கடைக்குப் போனேன்.

"வெள்ளாமை என்ன தம்பி?" என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் நாலு சம்சாரிகள் நின்றிருந்தார்கள். ஒற்றை ரோஜாச்செடிக்கு மருந்து கேட்டால் சிரிப்பார்கள். "மொளகாங்க" என்றேன்.

"எத்தன செண்டு?"

"அம்பது."

விஷம் என்று மஞ்சள் முக்கோணம் போட்ட ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் காலேஜ் வரைக்கும் போனவன் நான் ஒருவன். எதையும் வாசித்துவிட்டுத்தான் செய்வேன். லேபிளில் இருந்த பொடி எழுத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா அக்காவை நர்ஸிடம் காட்டக் கூட்டிப்போயிருந்த நேரத்தில், லிட்டருக்கு இரண்டு மில்லி அளந்து கலந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தேன். பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தது. எங்கள் வீட்டில் அலமாரி கிடையாது. முருங்கைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. பூச்சிமருந்துப் பாட்டிலை அம்மா வாசலுக்குள் விடமாட்டாள். யாரோ ஒருத்தி கோபத்தில் எடுத்துக் குடித்துவிட்டாள் என்று கேள்விப்படாத ஊர் எங்கள் பக்கத்தில் இல்லை. அப்பாவே வயல் மருந்தை மோட்டார் கொட்டகையில் பூட்டித்தான் வைப்பார். அதுவும் மாசமான பெண் இருக்கிற வீட்டில். மொட்டு விரிய ஞாயிறு ஆகும், அதற்குள் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அது வெள்ளிக்கிழமை விடியலிலேயே விரிந்துவிட்டது.

"அக்கா, துப்பு."

"ஏன்டா?"

"துப்புக்கா! வாயக் கொப்புளி!"

சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "அம்மன் படத்துல வச்சுட்டு எடுத்துக் குடுத்தேன்டா. மொத மொதப் பூத்தது. புள்ளத்தாச்சி தின்னா குளுமைன்னு..."

"எத்தன பூவும்மா?"

"மூணும்தான். என்னடா செஞ்ச?"

சொன்னேன். அம்மா அடிக்கக் கை ஓங்கினாள், ஆனால் அடிக்கவில்லை. அக்கா கையில் மிச்சமிருந்த இதழ்களைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

தெருமுனை ஆட்டோ வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் முதலில் என்ன மருந்து என்றுதான் கேட்பார்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முருங்கைக்குப் பின்னால் ஓடினேன். எந்த இடம் என்று பிடிபடவில்லை. முதல் வெட்டில் கல். இரண்டாவதிலும் கல். "ஏறுடா பாவி" என்று அம்மா அங்கிட்டிருந்து கத்தினாள். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் பறித்தேன். பாட்டில் கிடைத்தது. கேரி பேக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏறினேன்.

ஆட்டோ புதுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அக்கா கண்ணை மூடினாள். லேபிளில் போட்டிருந்தபடி எச்சில் ஊறுகிறதா, கை நடுங்குகிறதா என்று நான் அவள் முகத்தையே பார்த்தபடி வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பாட்டிலைப் பார்த்ததும் எங்களை வெளியே தள்ளிவிட்டுத் திரையை இழுத்துவிட்டார். உள்ளே பேசுவது கேட்டது.

"கல்யாணமாகி எத்தன வருசம்?"

"ரெண்டுங்க."

"வீட்டுக்காரரோட சண்டயா? மாமியாரு ஏதும் சொன்னாங்களா?"

"இல்லீங்க. பூவத்தான் தின்னேன்."

"பூவத் தின்னுட்டு யாரும்மா இங்க வருவா? எங்கிட்ட உண்மயச் சொல்லு."

அக்கா அழ ஆரம்பித்தாள். நான் திரையை விலக்கிக்கொண்டு போய், "நான்தாங்க அடிச்சேன், அவளுக்குத் தெரியாது" என்றேன். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அக்கா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வாயில எச்சி ஊறுதா?"

"பயத்துல காஞ்சு போச்சுங்க."

"நல்லது." பிறகு என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு கலந்தீங்க?"

"லிட்டருக்கு ரெண்டு மில்லி. அளந்துதாங்க ஊத்துனேன்."

"அளக்கத் தெரியுது. வீட்டுல சொல்லத் தெரியலயா?"

குழந்தையின் துடிப்பைக் கேட்க ஒரு கருவியை வயிற்றில் வைத்தார்கள். இரைச்சல் மட்டும் வந்தது. இடம் மாற்றினார்கள். மறுபடியும் இரைச்சல். அம்மா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். மூன்றாவது இடத்தில், தையல் மெஷினை வேகமாக மிதிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. "இருக்கு" என்றார் நர்ஸ். ஆனாலும் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

விஷம் என்று வந்ததால் போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு வந்தார்.

"எத்தன ஏக்கர் ரோசாத் தோட்டம்?"

"ஒரு செடிங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு செடிக்கு மொளகாக் கொல்லை மருந்தா? படிச்சவந்தானே நீ?"

அக்காவின் புகுந்த வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தவறு முழுவதும் என்னுடையது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை போலீஸ் பேப்பரில் கைநாட்டுத்தான்.

மத்தியானம் மச்சானும் அவருடைய அம்மாவும் வந்தார்கள்.

"எம்மவன் பேரும் அந்த நோட்டுல ஏறிருச்சாமே?"

"வீட்டுக்காரருங்கற எடத்துலதாங்க அத்தை எழுதிருக்காங்க" என்றேன்.

"எந்த எடத்துல ஏறுனா என்ன? போலீசு நோட்டுதானே?"

மச்சான் கோபப்படவே இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் மாப்ள, அவகிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் வரை அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தையும் நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அக்கா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே அத்தை சொல்லிவிட்டார்: "புள்ள பொறக்குற வரைக்கும் எங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும் சம்மந்தி. பிரசவத்த திருச்சி ஆஸ்பத்திரியில நாங்க பாத்துக்கிறோம்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வேணாலும் பெறட்டும். தலைப்பிரசவம் பொறந்த வீட்டுக் கடம. செலவ மட்டும் எங்கிட்ட விட்டுருங்க."

அக்கா அவர்கள் பிடித்துவந்த வாடகைக் காரின் கண்ணாடியை இறக்கி, "செடிய வெட்டிப்புடாதம்மா" என்றாள். அம்மா வெட்டவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நான் முதலில் விரல்களை எண்ணினேன். பிறகு டாக்டரிடம் காது, கண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் புதுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் ஆட்டோ வாடகையோடு பிரசவம் முடிந்திருக்கும். கவுன்ட்டரில் பில்லை நீட்டியபோது அப்பா அதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஐம்பத்திரண்டாயிரத்து நானூறு ரூபாய்.